சாம்பல் நிறத் தண்ணீர்

1

பெர்கனில் மழை பெய்கிறது என்று எழுதினால் அது செய்தியே இல்லை. நாமக்கல்லில் கோழி கூவியது என்று எழுதுவது போலத்தான். நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள இந்த ஊருக்கு நானும் என் கணவரும் வந்து இந்த மாதத்தோடு பதினைந்து வருஷம் ஆகிறது. குழந்தைகளின் படப் புத்தகங்களுக்குப் படம் வரைவது என் வேலை. நாள் நன்றாக இருந்தால் அதைக் கலை என்பேன், நாள் சரியில்லை என்றால் பிழைப்பு என்பேன்.

அன்றைக்கு நாள் சரியில்லை. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து, திரும்பத் திரும்பக் கிழித்துக்கொண்டிருந்தேன். அப்போது தெருவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கம்ப்ரசர் உறுமலும், பாறையில் சம்மட்டி விழுகிற அதிர்வும் சேர்ந்த சத்தம். நான் யோசிப்பதற்கு முன்பே கால்கள் செருப்பைத் தேடிவிட்டன. ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டிகளுக்குப் பேர்போன திருச்செங்கோட்டுப் பக்கம் பிறந்தவளை, அந்த வண்டிச் சத்தம் கேட்டபிறகு வீட்டுக்குள் உட்காரவைக்க யாராலும் முடியாது.

பக்கத்து வீட்டு முற்றத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே தண்ணீருக்காக யாரும் போர் போடுவதில்லை. தண்ணீர்தான் வருஷம் முழுக்க வானத்திலிருந்து இலவசமாக வருகிறதே. பூமிக்கு அடியில் இருக்கும் சூட்டைக் குழாய் வழியாக மேலே கொண்டுவந்து வீட்டைக் கதகதப்பாக வைத்துக்கொள்வதற்காக இவர்கள் ஆழமாகத் துளைக்கிறார்கள். அதை நினைத்ததுமே எனக்குப் புல்லரித்தது. ஒரே பூமிதான். நாங்கள் அதனிடம் ஈரம் கேட்கிறோம், இவர்கள் சூடு கேட்கிறார்கள்.

ஆனால் ஒரு மனுஷர்கூட வேடிக்கை பார்க்க வரவில்லை. நம்மூராக இருந்தால் இந்நேரம் தெருவே கூடி, ஆளுக்கொரு ஆழம் சொல்லி, டீ வந்திருக்கும். இங்கே குடையோடு நின்றது நான் ஒருத்திதான். காதில் கவசம் மாட்டிய டிரில்லர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

கொஞ்ச நேரத்தில் துளைக்குள் ஊற்று உடைந்து, சாம்பல் நிறச் சேறு பொங்கியது. என்னை அறியாமல் கை கூப்பிவிட்டேன். டிரில்லர் அலுத்துக்கொண்டார். முற்றம் முழுக்கச் சேறானால் அவர்தானே கழுவ வேண்டும்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்கள். இங்கே அந்தப் பூதம் தண்ணீர்.

அந்தச் சேற்றில் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க நினைத்தேன். அதற்கு நார்வேஜிய மொழியில் என்ன பெயர் என்று தெரியவில்லை. இரண்டு வார்த்தையை ஒட்டி, கல்மாவு வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். அவர்கள் பாஷையிலும் அதற்குக் கல்மாவு என்றுதான் பெயராம். ஒரு ஜாம் பாட்டில் நிறைய அள்ளிக் கொடுத்தார். வீட்டு ஹீட்டர் மேல் காயவைத்தேன். சாயங்காலம் பார்த்தால், கோலமாவை விட நைசான, வெள்ளையும் சாம்பலும் கலந்த பொடி. எதற்கு வாங்கினேன் என்று அப்போது எனக்கே தெரியாது.

2

இங்கே பள்ளிக்கூடங்களில் புத்தகம் எழுதுகிறவர்களையும் படம் வரைகிறவர்களையும் அடிக்கடி கூப்பிடுவார்கள். பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கும். உங்களுக்கு இந்த நிறங்களெல்லாம் எங்கிருந்து வருகின்றன? மயில் என்றோ, கோயில் கோபுரம் என்றோ, பட்டுப்புடவை என்றோ நான் சொல்வேன் என்று டீச்சர் ஆசையோடு காத்திருப்பார். நான் லாரியிலிருந்து என்பேன்.

உண்மையைத்தான் சொல்கிறேன். எனக்கு எட்டு வயசிருக்கும். எங்கள் தோட்டத்துக் கிணறு வறண்டு, அப்பா போர் போட முடிவு செய்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு ஒருவர் காடு முழுக்க நடந்தார். ஒரு இடத்தில் தேங்காய் நட்டமாக எழுந்து நின்றது. அந்த இடத்தில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் ஏற்றினார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு நிற்பது போல எல்லோரும் நிற்க, துளைக்கும் எந்திரம் பொருத்திய லாரி, எங்கள் போர் வண்டி, பின்பக்கமாகவே வந்து சேர்ந்தது.

போர் போடும் இடத்தில் எங்கள் வீட்டாருக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. "இல்லை" என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக்கூடாது. பூமிக்குக் காது கேட்குமாம். தண்ணீர் தட்டுப்படவில்லை என்றால் வண்டிக்காரர் அப்பாவைப் பார்த்து, இன்னும் போலாங்க, என்பார். அவ்வளவுதான். எவ்வளவு பெரிய ஏமாற்றத்தையும் எங்கள் பக்கத்தில் இந்த இரண்டே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள்.

எல்லோரும் துளையைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் வேறொன்றைப் பார்த்தேன். துளைக்கும் இரும்பு ராடு ஒவ்வொன்றும் இறங்கியதும், அந்த ஆழத்திலிருந்து வந்த மண்ணில் ஒரு கை அள்ளித் தரையில் குவித்து வைப்பார்கள், எந்த ஆழத்தில் என்ன கல் என்று தெரிந்துகொள்ள. அந்தக் குவியல்கள் வரிசையாக நீண்டுகொண்டே போயின. முதலில் செம்மண். அடுத்து மஞ்சள். அப்புறம் சுண்ணாம்பு வெள்ளை. அப்புறம் ரோஜா நிறத்தில் ஒரு கல். அதற்குக் கீழே பச்சை ஓடிய கருப்பு. அதற்கும் கீழே காக்காப்பொன் மினுங்குகிற சாம்பல்.

நான் அந்த வரிசைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டேன். நான் தினமும் ஓடி விளையாடிய இடம்தான் அது. என் காலுக்கு அடியில் இத்தனை நிறமும், வெளிச்சமே படாமல், யாரும் பார்க்காமல், எத்தனை காலமாகக் கிடந்ததோ. பார்க்க ஆளே வராத இடத்தில் எதற்கு இவ்வளவு அழகு? இன்றைக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டேதான் வரைகிறேன்.

சாயங்காலம் தண்ணீர் பீறிட்டு, எல்லோரும் அதில் நனைந்துகொண்டிருந்தபோது, பாவாடையில் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் முடிந்துகொண்டு போனேன். வேப்பமரத்துப் பிசினில் குழைத்து மோட்டார் ரூம் சுவரில் படம் போட்டேன். அம்மா திட்டினாள். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பார்கள். என் சட்டி அன்றைக்குத்தான் நிரம்பியது.

3

அந்த நாளைத்தான் இப்போது ஒரு புத்தகமாகச் செய்துகொண்டிருந்தேன். இதுவரை மற்றவர்கள் எழுதிய கதைகளுக்கே வரைந்து வந்திருக்கிறேன். இதில் கதையும் என்னுடையது, படமும் என்னுடையது. புத்தகத்தை நீளவாக்கில் திருப்பிப் பிடிக்க வேண்டும். பக்கம் புரளப் புரள ஆழம் போகும், கல் நிறம் மாறும். நடுவில் இரண்டு பக்கம் முழுக்க விரிகிற ஒரே படத்தில் தண்ணீர் வரும்.

அந்தப் படத்தில்தான் மாட்டிக்கொண்டேன். பச்சைத் தென்னை, சிவப்புச் சேலை, தெளிவான வானம், நடுவில் பீறிட்டு எழுகிற சாம்பல் நிறத் தண்ணீர் என்று வரைந்திருந்தேன். எங்களுக்கெல்லாம் போரில் வரும் முதல் தண்ணீர் சாம்பல்தான். கல்லை அரைத்த பொடியோடு வருகிறது, வேறு எப்படி வரும்? சந்தோஷத்துக்கு ஒரு நிறம் சொல் என்று கேட்டால், எங்கள் பக்கத்து விவசாயி அந்தச் சாம்பலைத்தான் சொல்வார்.

பதிப்பாசிரியர் இங்ரிட் நல்ல மனுஷி. என் முதல் புத்தகத்திலிருந்து என்னோடு இருப்பவர். படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, குழாய் ஏதாவது உடைந்துவிட்டதா என்று கேட்டார். இந்த ஊர்க் குழந்தை இதைப் பார்த்தால் சாக்கடை என்று நினைக்கும், இல்லாவிட்டால் எண்ணெய்க் கிணறு என்று நினைக்கும் என்றார். கொஞ்சம் நீலம் சேர்த்தால் போதும் என்றார். அந்த ஒரு படம் மாதக் கடைசிக்குள் முடியாவிட்டால், இலையுதிர் காலத்துக்கு வரும் புத்தகங்களிலிருந்து இதை எடுத்துவிட வேண்டியிருக்கும் என்பதையும் வருத்தத்தோடு சொன்னார். ஒருமுறை எடுத்துவிட்டால் அது மறுபடி உள்ளே வருவது குதிரைக் கொம்பு.

ஊரோடு ஒத்து வாழ் என்று எனக்கும் தெரியும். இந்த ஊரில் குடியிருப்பு அனுமதியைப் புதுப்பிக்கப் போனபோது, படம் வரைவதை எப்படி வேலை என்று சொல்கிறீர்கள் என்று கேட்ட அதிகாரிக்குக்கூட, வரைந்த புத்தகங்களை மேஜையில் அடுக்கிக் காட்டி, பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள்தான் நான். ஆனால் நீலத்தைத் தொட்டுத் தூரிகையைத் தாளுக்குக் கொண்டுபோனால் கை நின்றுவிடுகிறது. நீலமாக வந்தால் அது நீச்சல்குளம். எங்கள் தோட்டத்து ஊற்று இல்லை.

வீட்டிலும் எனக்கு ஆதரவு கிடையாது. கணவர் இங்ரிட் கட்சி. மகள் இனியாவுக்குப் பத்து வயசு. நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வேஜியத்தில் பதில் சொல்வாள். ரயில் தண்டவாளம் மாதிரி பக்கத்திலேயே ஓடுவோம், சேர மாட்டோம். படத்தைப் பார்த்துவிட்டு அவளும் மூக்கைச் சுருக்கினாள். தண்ணீர் எப்படி இருக்கும் என்று எனக்குக் கற்றுக்கொடுப்பதற்காக ஒன்று வரைந்து தந்தாள். நீலச் சொட்டு, அதற்கு இரண்டு கண், ஒரு சிரிப்பு.

4

அந்த வாரம் சனிக்கிழமை காலையில் என் தம்பி குமரேசன் வீடியோவில் கூப்பிட்டான். திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் அப்பாவின் தோட்டத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறான். இந்தக் கோடையில் பழைய போர்கள் வற்றிக் கைவிட்டதால், லாரித் தண்ணீரில் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த வெயிலில் ஒரு வேளை லாரி வராவிட்டால் கோழிகள் கொத்துக் கொத்தாக விழுந்துவிடும். அதனால் புது போர் போடுகிறான். விடிகாலையிலேயே வண்டி வந்துவிட்டதாம். போனை எதிலோ சாய்த்து வைத்துவிட்டு, பாத்துக்கிட்டே இருங்கக்கா, என்று சொல்லிவிட்டுப் போனான்.

நானும் இனியாவும் சமையலறை மேஜையில் போனை ஜாடியில் சாய்த்து வைத்துப் பார்த்தோம். திரையில் வெறும் வெள்ளை. கல்லுக்குள் இறங்கிவிட்டால் தூசி புகையாகக் கிளம்பும். வண்டி தெரியவில்லை, தென்னை தெரியவில்லை, கோழிக்கொட்டாய் தெரியவில்லை. தூசிக்குள்ளிருந்து ஒருத்தர் நடந்து வந்தார். தலை, மீசை, இமை, சட்டை எல்லாம் ஒரே வெளுப்பு. தம்பி என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

அவன் முகத்தில் சிரிப்பில்லை. நினைத்ததை விட ஆழம் போய்விட்டதாம். இதில் கிடைக்காவிட்டால் கோழிகளை விற்றுவிட்டு மூடவேண்டியதுதான் என்று அவன் மனைவி முந்தின வாரமே என்னிடம் சொல்லியிருந்தாள். இனியா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, எங்கிருந்தோ தமிழை எடுத்து, சத்தமாகக் கேட்டாள்.

"மாமா, தண்ணி இல்லையா?"

எனக்கு உயிரே போய்விட்டது. அந்தப் பக்கம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. நான் அவள் வாயைப் பொத்தப் போனேன். ஆனால் குமரேசன் குனிந்து, திரைக்கு வெகு அருகில் வந்தான்.

"சாமி, இங்க அப்படிச் சொல்லப்படாது. இன்னும் போலாங்கன்னு சொல்லு."

அவளுக்குக் கட்டுப்பாடும் தெரியாது, காரணமும் தெரியாது. ஆனால் மாமாவின் முகம் விளையாடுகிற முகம் இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும். நாக்கு புரளாமல், நார்வே ராகத்தில், இன்னும் போலாங்க, என்றாள். தூசிக்குள் யாரோ சிரித்தார்கள். வண்டிக்காரர் அடுத்த ராடை எடுத்து மாட்டினார். அதுவும் இறங்கியது. அதற்கு அடுத்ததும் இறங்கியது. என் டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. இனியா எழுந்து போகவே இல்லை.

பிறகு தூசி நின்றது.

போர் போடுகிற இடத்தில் முதலில் வருவது தண்ணீர் இல்லை. முதலில் தூசி நிற்கும். அடியில் ஈரம் பட்டதும், அத்தனை நேரம் கிளம்பிய புகை சட்டென்று அடங்கிவிடும். சத்தம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஆனாலும் ஊமையானது போல ஒரு கணம். அந்தக் கணத்தில் யாரும் மூச்சுவிட மாட்டார்கள். எட்டு வயதில் பார்த்ததை இத்தனை வருஷம் கழித்து, இத்தனை கடல் தாண்டி, உள்ளங்கை அகலத் திரையில் பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடங்கிய தூசி மெதுவாக இறங்க இறங்க, தென்னை வந்தது, கொட்டாய் வந்தது, மனிதர்கள் வந்தார்கள். எல்லாமே சாம்பல். இலை சாம்பல், சேலை சாம்பல், வாசலில் நின்ற ஸ்கூட்டர் சாம்பல்.

அப்புறம்தான் குழாய் வழியாகச் சேறு குமுறி, தென்னை உயரத்துக்குத் தண்ணீர் எழும்பியது.

"வந்துருச்சுங்கக்கா," என்றான் குமரேசன். ஓடிப்போய் இரண்டு கையிலும் ஏந்தித் தலையில் ஊற்றிக்கொண்டான். தண்ணீர் நெற்றியில் இறங்கிய இடத்தில் அவன் கறுத்த நெற்றி தெரிந்தது. கன்னம் தெரிந்தது. தோளில் வழிந்த இடத்தில், அத்தனை நேரம் வெளுப்பாக இருந்த சட்டை, நீலம் என்று தெரிந்தது. பக்கத்தில் நின்ற அவன் மனைவி மேல் தெறித்த இடமெல்லாம் சிவப்புப் புள்ளியாகச் சேலை திறந்தது.

நான் பிரமித்துப்போய் உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாள் தண்ணீருக்கு என்ன நிறம் என்று இங்ரிட்டோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் தனக்கென்று ஒரு நிறத்தையும் கொண்டுவரவில்லை. தொட்டதற்கெல்லாம் அதனதன் நிறத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே போனது. நான் உலகத்தை வண்ணமாகவும் தண்ணீரை அழுக்காகவும் வரைந்திருக்கிறேன். இங்ரிட் சாக்கடை என்று சொன்னது நியாயம்தான்.

இனியா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை.

5

இனி வேலை விஷயம். ஆர்வமில்லாதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முதலில் எல்லாவற்றையும் தண்ணீர் பட்டாலும் கரையாத மையில் முழு வண்ணத்தில் வரைந்தேன். தென்னை, கொட்டாய், சேலைகள், நடுவில் நீலச் சட்டைக்காரன். பிறகு அதன் மேல் முழுக்கத் தூசியைப் பூச வேண்டும். தூசிக்கு எந்தச் சாம்பல் என்று டப்பாக்களைக் கிளறியபோது, ஹீட்டர் மேல் ஜாம் பாட்டில் கண்ணில் பட்டது. பக்கத்து வீட்டுக் கல்மாவு. பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

பிசினில் குழைத்துப் பூசிக் காயவைத்தேன். காலையில் பார்த்தால் ஏரி வறண்டது போல வெடித்து, செதில் செதிலாகக் கொட்டிக் கிடந்தது. அடியில் வரைந்திருந்ததும் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. மாதக் கடைசிக்கு அதிக நாள் மிச்சமில்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீலத்தை அடித்துக் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம் என்றுகூடத் தோன்றியது.

பள்ளிக்கூடத்துக்குப் பையை மாட்டிக்கொண்டிருந்த இனியா வந்து எட்டிப் பார்த்தாள். வெடித்த தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னும் போலாங்க," என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் அழுதேன். சந்தோஷத்தில்தான். பிறகு மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். இந்தமுறை பிசினோடு ஒரு துளி தேன் சேர்த்தேன். தேன் காய்ந்தும் காயாமல் பிடித்துக்கொள்ளும். பூச்சு வெடிக்கவில்லை. வண்ணமெல்லாம் மறைந்து, பெரிய சாம்பல் தாளாக மேஜையில் கிடந்தது. பார்த்தால் யாரும் குப்பையில்தான் போடுவார்கள்.

மிச்சமிருந்தது ஒரே வேலை. நான் தண்ணீரை வரையப் போவதில்லை. தண்ணீரையே ஊற்றப் போகிறேன். அது ஓடுகிற வழியில் தூசியைக் கழுவிக்கொண்டு போனால், அடியில் இருக்கும் வண்ணம் தெரியும். தவறினால் திருத்த வழி கிடையாது, இன்னொன்று வரைய நாளும் கிடையாது. தண்ணீர் எடுத்துவைத்துவிட்டு மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த இனியாவிடம் எவர்சில்வர் டம்ளரைக் கொடுத்தேன். அவள் யோசிக்கவே இல்லை. நடுவில் மெதுவாக ஊற்றினாள். நான் பலகையைச் சாய்த்தேன்.

நான் ராத்திரி பகலாக இலை இலையாக வரைந்த தென்னையை அந்தத் தண்ணீர் சட்டை செய்யவே இல்லை. சுற்றிக்கொண்டு போய், தம்பியின் நெற்றியில் இறங்கி, தோளில் நீலத்தைத் திறந்து, ஒரு சேலையின் ஓரத்தைத் தொட்டு, நான் மறந்தே போயிருந்த ஒரு சேவலின் கொண்டையைச் சிவப்பாக்கிவிட்டு நின்றது. என் கை அப்படி வரைந்திருக்காது. எனக்கு அவ்வளவு தெரியாது. ஜன்னலுக்கு வெளியே வழக்கம்போல மழை.

6

மாதக் கடைசி நாளில் படத்தைச் சுருட்டாமல் பலகையோடு தூக்கிக்கொண்டு டிராமில் போனேன். இனியாவும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

இங்ரிட் மேஜையைக் காலி செய்து படத்தை வைத்தார். சரி, சிவகாசிக் காலண்டர் அளவுக்குக்கூட இதில் நிறம் எங்கே என்று கேட்கப் போகிறார் என்று நான் மனசுக்குள் தயாராகிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு குனிந்தார். நீலம் எங்கே என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் இனியா அவர்கள் மொழியில் பதில் சொன்னாள். முழுதாகக் கழுவவில்லை, தோளில் மட்டும்தான் வந்திருக்கிறது, அது என் மாமாவின் சட்டை என்றாள். என் மாமா என்று அவள் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

இங்ரிட் அந்தத் தோளைக் கண்டுபிடித்தார். பிறகு நெற்றியை. பிறகு சேவலை. ஒவ்வொன்றையும் கண்டுபிடிக்கும்போது அவர் முகம் குழந்தை முகமாகிக்கொண்டே வந்தது. தன்னை மறந்து, கழுவாத இடத்துத் தூசியை ஒரு விரலால் தொட்டார். தொட்ட விரலைத் திருப்பிப் பார்த்தார். நுனியில் சாம்பல் ஒட்டியிருந்தது.

இது உங்கள் ஊர் மண்ணா என்று மெதுவாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்லக்கூடாத இடம் அது. இங்கே என் பக்கத்து வீட்டு முற்றத்துக்கு அடியில் இருந்தது, எங்கள் தோட்டத்துக்கு அடியிலும் இதுதான் இருக்கிறது என்றேன்.

அவர் விரலைத் துடைக்கவில்லை. அந்தக் கையாலேயே போனை எடுத்து, அச்சகத்துக்குப் பேசினார்.